வேலியும் அயலாரும்: யாழ்ப்பாணத்து எல்லை வழக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரு வளவுகளைப் பிரிப்பது நெடுங்காலமாக வேலியே. கிளுவை, பூவரசு முதலிய கதியால்களை நட்டுப் பனையோலையால் அடைக்கப்பெறும் இவ்வேலி, காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டியது. பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியதொன்றை ஒரு சாண் தள்ளி நடுதல் எளிது. அதனைப் பின்னர் நிறுவுதல் அரிது. பழைய இடத்தை அறிந்த அயலாரின் நினைவே அங்குத் தலையாய சான்றாயிற்று.

அயலாருக்குச் சட்டத்திலும் இடமிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்சு தொகுத்து, பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட தேசவழமை 1707ஆம் ஆண்டுக்குரியது. காணியை விற்க விரும்புவோர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அதனை ஈடாகப் பெற்றிருந்த அடுத்த காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் வேண்டும் என அது விதித்தது. பிரித்தானியர் 1806இல் இவ்வழமையை ஏற்றுக்கொண்டனர்.

எனினும், பிரித்தானியர் காலச் சட்டங்கள் இவ்வுறவை மாற்றின. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியை எதிருரிமையுடன் இடையறாது பத்தாண்டு ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். எனவே, தள்ளி நடப்பட்ட வேலியைக் கண்டும் பொறுத்திருப்பவர் நிலமிழக்க நேரிடும். அயலுறவைக் கருதிய பொறுமையே கேடாக முடியுமாயின், மக்கள் நீதிமன்றை நாடியதில் வியப்பில்லை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலில் வாங்கும் உரிமையைக் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் வரையறுத்தது. அடுத்த காணிக்காரர் அதனின்று நீங்கினார்.

நீதிமன்று எல்லைக்கோட்டை வரையலாம். கோட்டுக்கு இருமருங்கும் வாழ்வோரை இணக்குதல் அதற்கு அரிது. 1958ஆம் ஆண்டின் இணக்க சபைச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டமும் இக்குறையை நிரப்ப முயன்றவை எனலாம். இருதரப்பாரையும் ஒருங்கிருத்திப் பேசவைத்து உடன்பாடு காண்பதே இவற்றின் நோக்கம்.

இதன் பெறுமதி போரின் பின்னர் தெளிவாயிற்று. 1990இலும் 1995இலும் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோர் ஆண்டுகள் பல கழித்து மீண்டபோது, பல வளவுகளில் வேலியும் இல்லை, மரமும் இல்லை. கையிலிருந்த உறுதியோ, 'கிழக்கு இன்னார் காணி, மேற்கு இன்னார் காணி' என அயலார் பெயராலேயே எல்லை கூறிற்று. அவ்வயலாருட் பலர் இறந்தனர், பலர் கடல்கடந்தனர். எல்லையை அறிந்தவர் அருகிவிட்ட ஊரில், எஞ்சிய அயலாருடனான நல்லுறவே காணிக்குரிய காப்பு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.