கட்டங்களுக்குள் ஊர்ப்பேச்சு

ஈழத்துப் பண்டிதர் சிலர் மக்கள் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று சாடிய காலம் ஒன்றிருந்தது. 1960களின் தொடக்கத்தில் மூண்ட அம்மரபுப் போரைப் பற்றிப் பேசும்போது கதாசிரியர்களையும் விமர்சகர்களையும் நினைவுகூரும் நாம், கேலிச்சித்திரக்காரர் ஒருவரை மறந்துவிடுகிறோம்.

கரவெட்டியிற் பிறந்து பம்பாயிற் கற்றவர் சி. சிவஞானசுந்தரம் (1924–1996). ‘சுந்தர்’ என்னும் பெயரில் அவர் தினகரனிலே படைத்த சவாரித் தம்பர், மாட்டுவண்டிச் சவாரியை உயிரெனக் கருதும் யாழ்ப்பாணத்துக் கிராமத்தவர். தம்பரும் சின்னக்குட்டியும் இலக்கணம் பாராது ஊர்ப்பேச்சிலேயே உரையாடினர். வாசகர்கள் சுவைத்துச் சிரித்தார்கள். அச்சேறத் தகுதியற்ற பேச்சு அது என்போருக்கு வேறு பதிலும் வேண்டுமோ?

எனினும் லேக் ஹவுஸ் போன்ற பெருநிறுவனத்தின் நாளேட்டில் ஓவியனுக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். 1963இல் ‘சிரித்திரன்’ சஞ்சிகையைத் தாமே தொடங்கினார் சுந்தர். ஆசிரியரும் அவரே, ஓவியரும் அவரே. தாமோதரன் ‘டாமோடிரன்’ ஆகும் போலி நாகரிகம் அங்கே சந்திக்கு வந்தது. பின்னர் யாழ்ப்பாணம் சென்ற அவ்விதழ், போர்க்காலத்திலும் இடையிடையே நின்று நின்று வெளிவந்தது.

கல்முனைக் கரையிலிருந்து நோக்கும் நமக்கு ஓர் ஆதங்கம் உண்டு. தம்பரின் உலகம் வடபுலத்து உலகம். போடியாரும் முல்லைக்காரனும், மருதமுனைத் தறியும், கரைவலை இழுக்கும் கூலியாளும், உம்மாவும் வாப்பாவும் பேசும் பேச்சும் வேறோர் உலகம். சுந்தர்மீது குற்றமில்லை, அவர் தம் ஊரை வரைந்தார். நம் பாடசாலைகளிற் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், பூச்சாடியை வரையச் சொல்லுமுன், போடியார் அப்பால் சென்றதும் முல்லைக்காரன் என்ன சொல்லுவான் என்று ஒரு கட்டம் வரையச் சொல்லலாம்.