ஒரே படம், ஒரே ஓட்டம்: பி.கே. ரோசி

பழைய நடிகைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சாவித்திரி, பத்மினி என்று பெயர்கள் தானாக வந்து விழும். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி யார் என்று கேட்டால்? 2023 பெப்ரவரி 10 வரைக்கும் எங்களுக்கும் தெரியாது. அன்றைக்குக் கூகுள் தன்ர முகப்பில் ஒரு பெண்ணின் ஓவியத்தைப் போட்டிருந்தது. அவர்தான் பி.கே. ரோசி.

1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தவர் ரோசி. புலையர் சமூகம், கூலி வேலை செய்த குடும்பம். தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் அவர் நடித்துவந்தார். அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் புலையருக்குக் கோயில் கதவு திறக்கவில்லை. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936இல்தான்.

இந்த நிலைமையில்தான் ஜே.சி. டேனியல் படம் எடுக்க வெளிக்கிட்டார். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த அவர், சொந்தக் காணியை விற்று, பட்டத்தில் ஒரு ஸ்டூடியோ தொடங்கி, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். கதாநாயகனும் அவரே. நாயகி வேடத்துக்கு பம்பாயிலிருந்து கூப்பிட்ட நடிகை சரிவராமல் போக, அந்த இடத்துக்கு ரோசி வந்தார். அவருக்குக் கிடைத்த வேடம் சரோஜினி என்ற நாயர் பெண்.

பிரச்சினை அந்த வேடத்தில்தான் வெடித்தது. படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு இருக்கு. ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததை உயர்சாதிப் பார்வையாளர்களால் தாங்க முடியவில்லை. திரைக்குக் கல் எறிந்தார்கள். ரோசியின் வீட்டையும் கொளுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. யோசிச்சுப் பாருங்கோ, அது மௌனப் படம். ரோசி ஒரு வசனம்கூடப் பேசவில்லை. நாயர் பெண்ணின் உடுப்பில் அந்த முகம் தெரிஞ்சதே போதுமாயிருந்தது.

ரோசி ஊரை விட்டு ஓடினார். நாகர்கோவில் பக்கம் போன ஒரு லொறியில் ஏறித் தப்பினார் என்றும், அந்த லொறிச் சாரதியையே கலியாணம் கட்டினார் என்றும் சொல்லுவார்கள். பிறகு தமிழ்நாட்டில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். திரும்பவும் நடிக்கவே இல்லை. ஒரு படத்தோடு எல்லாம் முடிஞ்சுது.

‘விகதகுமாரன்’ என்றால் காணாமல் போன மகன். கதையில், திருவிதாங்கூரின் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன் கடத்தப்பட்டு எங்கட நாட்டுக்கு, அப்போதைய சிலோனுக்கு, கொண்டுவரப்படுகிறான். தோட்டத்தில் கூலியாக வளர்கிறான், மேற்பார்வையாளராக உயர்கிறான், கடைசியில் சொந்தக்காரர்களோடு சேருகிறான். தோட்டக் கூலியாகக் கிடந்தாலும், நல்ல குடும்பத்துப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கக் கதையில் ஆள் இருந்தது. அதே படத்தின் நாயகி நிசத்தில் காணாமல் போனபோது தேட ஒருவரும் இல்லை.

டேனியலும் அந்தப் படத்தால் எல்லாவற்றையும் இழந்தவர்தான்; 1975இல் வறுமையில் செத்தார். ஆனால் அவர் இப்போது ‘மலையாள சினிமாவின் தந்தை’. கேரள அரசு 1992இலிருந்து அவர் பெயரில் விருது கொடுக்கிறது. 2013இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படத்தில் ரோசியும் வருகிறார். ஆனாலும் அது டேனியலின் கதைதான். ரோசியின் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் வர 2019 ஆயிற்று. அதைத் தொடங்கினது அரசு இல்லை, மலையாள சினிமாப் பெண்களின் கூட்டமைப்பு.

‘விகதகுமாரன்’ இன்று எங்கேயும் இல்லை. ரோசி எப்படி நடித்தார், நல்லா நடித்தாரா என்று நாங்கள் இனிப் பார்க்க முடியாது. அவருடைய நடிப்பைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரை அவரை விரட்டியவர்களைப் பற்றிய கட்டுரையாக முடிகிறது. எங்களுக்கு உறுத்துவது அதுதான். ‘முதல்’ என்ற பட்டத்தை நூறு வருசம் கழித்துக் கொடுக்கலாம். அவர் நடித்திருக்கக்கூடிய இரண்டாவது படத்தை ஆர் கொடுப்பது?