கஸபு: விடுதி வாசலில் ஒரு ஃபிக்ஹுப் பாடம்

சுபுஹு ஜமாஅத் தவறிவிடலாகாதே என்னும் விரைவில், அறை வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறார் ஒரு மாணவர். அது தோழருடையது. தொழுததும் திரும்ப வைத்துவிடப் போவதால், இதனை அவர் பாவமாக எண்ணுவதில்லை. விடுதியில் தங்கி ஓதியோர்க்கு இக்காட்சி புதிதன்று. ஜாவாத் தீவின் பெசந்த்ரென் மாணவரிடையே இப்பழக்கத்திற்குப் பெயரே 'கோசொப்'. அது 'கஸபு' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும்.

கஸபு என்பது பிறர் உடைமையை உரிமையின்றிக் கைக்கொள்வது. மறைவாக எடுப்பதே திருட்டு. கஸபுக்கு மறைவு வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அம்மத்ஹபின் பாடநூலான 'ஹிதாயா'வில் இமாம் மர்கீனானீ (மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) இதற்கெனத் தனிப் பாடமே வகுத்துள்ளார். பிறர் விரிப்பில் அமர்வது கஸபாகாது; பிறர் கால்நடைமீது சுமையேற்றுவது கஸபாகும் என்பது அவர் காட்டும் வேறுபாடு. செருப்பை அணிந்து செல்வது இவற்றுள் எதனை ஒத்தது என்பதை மாணவரே உணரலாம்.

எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும்; அழிந்தால் ஈடு தரவேண்டும். பயன்படுத்திய நேரத்திற்கு வாடகையும் உண்டு என்பர் ஷாஃபிஈகள். ஹனஃபிகள் வக்ஃபு, அநாதைச் சொத்து போன்றவற்றுக்கே அதனை விதிப்பர். வாடகை இல்லை என்பதால் பாவமும் இல்லை என்று ஆகிவிடாது.

வணக்கம் இக்குற்றத்தை மறைக்குமா? கஸபு செய்த ஆடையில் தொழுத தொழுகை கூடாது என்பது ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்து. ஏனைய மூன்று மத்ஹபுகளிலும் கடமை நீங்கும், பாவம் நீங்காது.

நண்பரிடையே இத்துணைக் கண்டிப்பு எதற்கு எனலாம். நண்பர் இல்லத்தில் உண்பதைச் சூரத்துந் நூரின் 61ஆம் வசனம் அனுமதிக்கிறது. ஆனால், அவர் மனம் பொருந்துவார் என்று அறிந்த இடத்திலேயே அச்சலுகை செல்லும் என்பது ஃபுகஹாக்களின் விளக்கம். தன் அவசரத்தைத் தோழரின் சம்மதமாகக் கொள்ளலாகாது. செருப்பிழந்து நிற்கும் அவருக்கும் அதே ஜமாஅத் உண்டு.

இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ஹிஜ்ரி 118–181) ஷாமில் ஓர் எழுதுகோலை இரவல் வாங்கினார். மறதியாய் அது தம்முடன் வந்துவிட்டதை மர்வு நகரில்தான் கண்டார். உரியவரிடம் சேர்ப்பிக்க மீண்டும் ஷாமுக்கே பயணமானார் என்பது வரலாறு. அனுமதியோடு பெற்ற பொருளுக்கே அவர் காட்டிய பேணுதல் இது. கஸபுப் பாடம் நடத்தப்படும் நாளில் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியையும் சொல்லி, மாணவரை விடுதி வாசலை ஒருமுறை நோக்கச் செய்தல் நன்று.