பிராக் போனால் இதையும் பாருங்கள்

பிராக் போகிற நம்ம ஆட்கள் சார்லஸ் பாலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. பொஹீமியாவின் அந்தப் பழைய தலைநகரில், 1707-ல் பேரரசர் முதலாம் ஜோசப்பின் ஆணையால் பிறந்தது செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஆக்கிரமிப்பை எதிர்த்து மாணவர்கள் திரண்டதால், 1939 நவம்பர் 17-ல் நாஜிகள் செக் உயர்கல்வி நிலையங்கள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். இன்று விமானம் இறங்குகிறதே, அதே ரூஸினே பகுதியில் மாணவர் அமைப்புத் தலைவர்கள் 9 பேரை விசாரணையின்றிக் கொன்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைபட்டார்கள். வகுப்புகள் மீண்டும் திறந்தது 1945-ல்தான்! அதன் 50-ஆம் நினைவு நாளில், 1989-ல், ஆல்பெர்டோவில் கிளம்பிய மாணவர் ஊர்வலம் நரோத்னி தெருவில் போலீஸ் அடி வாங்கியது. சில வாரங்களில் கம்யூனிஸ்ட் ஆட்சியே போயிற்று. அங்கே வெண்கலத்தில் கைகள் மட்டும் உள்ள நினைவுச் சின்னத்தை அவசியம் பாருங்கள். கட் அடிக்க ஒரு வகுப்பு இருப்பதே பாக்கியம், தம்பி தங்கைகளே!