ஒருங்கிணைப்பே நிர்வாகத்தின் உயிர்நாடி

ஆள்பலமும் பொருள்பலமும் நிறைந்திருப்பினும், ஒருங்கிணைப்பு இல்லையேல் ஒரு நிறுவனம் தன் பணியில் தடுமாறும். இதற்கு வரலாறு தரும் சான்று ஒன்றுண்டு.

1904 பிப்ரவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களின் தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர். ஆயினும், குழாய்களின் இணைப்புத் திருகை ஒவ்வொரு நகரமும் தன் விருப்பம்போல் வெவ்வேறு அளவில் அமைத்திருந்தது. எனவே, வந்தவர்கள் கொணர்ந்த குழாய்கள் பல, பால்டிமோரின் தெருவோர நீர்க்குழாய்களில் பொருந்தவில்லை. ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

மறு ஆண்டிலேயே இணைப்புகளுக்குத் தேசிய அளவு வகுக்கப்பட்டது. எனினும், நகரங்கள் பல அதனை ஏற்கத் தாமதித்தன. விதி வகுப்பதோடு பணி முடிவதில்லை. அனைவரும் அதன்படி நடப்பதே ஒருங்கிணைப்பாகும்.