டீசல் ஷண்டிங் எஞ்சின் மீட்டெடுப்பு

டீசல் ஷண்டிங் எஞ்சின் என்பது ரயில் நிலைய யார்டுகளிலும் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெட்டிகளைக் கழற்றி, கோத்து, தடம் மாற்றி நிறுத்தும் சிறிய எஞ்சின். வேகம் குறைவு, இழுவிசை அதிகம். கழித்துவிடப்பட்ட இத்தகைய எஞ்சின்களைச் சம்பளம் வாங்காத தொண்டர்கள் பழுதுபார்த்து மீண்டும் ஓட வைக்கும் பணி, கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேரூன்றியது. இலங்கையில் ரயில்வே அரசு உடைமை என்பதால், பழைய எஞ்சின்களைக் காக்கும் பொறுப்பும் பெரும்பாலும் ரயில்வே திணைக்களத்திடமே இருக்கிறது.

ரயில் பாதையில் டீசல் காலூன்றியதே ஷண்டிங் வேலையில்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வே 1925இல் வாங்கிய 1000ஆம் இலக்க எஞ்சின் 300 குதிரைவலு கொண்டது. அது 1957 வரை நியூயார்க்கில் பாடுபட்டு, இப்போது பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அப்படியிருந்தும் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் ஷண்டிங் எஞ்சின் கடைசியாகவே வருகிறது. நீராவி எஞ்சினுக்குப் புகையும் ஓசையும் ரசிகர்களைத் தேடித் தருகின்றன. மெயில் ரயில் இழுத்த எஞ்சினுக்குப் பெயரும் புகழும் உண்டு. யார்டுக்குள்ளேயே உழைத்துத் தேய்ந்ததைப் படம் எடுத்தவர்கள்கூடக் குறைவு. இந்தப் புறக்கணிப்பு நியாயமற்றது.

தொண்டர்களின் வரலாறே இதற்குச் சான்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள மிடில்டன் ரயில்பாதை, 1758ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த பழைய நிலக்கரிப் பாதை. மூடப்படும் நிலையிலிருந்த அதைத் தொண்டர்கள் ஏற்று, 1960 ஜூனில் பயணிகள் ரயிலை ஓட்டினார்கள். பிரிட்டனின் தர அகலத் தண்டவாளத்தில் தொண்டர்கள் ஓட்டிய முதல் ரயில் அதுவே. அதை இழுத்தது நீராவி எஞ்சின் அன்று. அதே நகரின் ஹன்ஸ்லெட் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் கட்டிய டீசல் ஷண்டிங் எஞ்சின். அதே ஆண்டு முதல் தொண்டர்கள் அந்தப் பாதையில் சரக்கும் ஏற்றினார்கள்.

பிரிட்டிஷ் ரயில்வே 1952க்கும் 1962க்கும் இடையில் கட்டிய 08 வகுப்பு ஷண்டிங் எஞ்சின்கள் 996. அவற்றில் 60க்கும் மேற்பட்டவை இன்று தொண்டர் பாதைகளில் உள்ளன. 350 குதிரைவலு, மெதுவாகச் சுழலும் ஆறு சிலிண்டர் எஞ்சின், நெருங்கிப் பார்க்கக்கூடிய எளிய அமைப்பு. கொதிகலன் சான்றிதழ் வாங்கும் தொல்லையும் இல்லை. வாரக்கடைசியில் மட்டும் கூடும் ஒரு சிறு குழுவால் கட்டி ஆளக்கூடியது இதுதான்.

பல ஆண்டுகள் நின்றுபோன எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்வது அதை அழிப்பதற்குச் சமம். முதலில் கிராங்க் அறையின் கதவுகளைத் திறந்து எண்ணெயைப் பார்ப்பார்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சிலிண்டர் உறையின் ரப்பர் வளையமோ வேறொரு முத்திரையோ போயிருக்கும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு ஊறவிட்டு, நீண்ட இரும்புக் கம்பியால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். டீசல் தாங்கியின் அடியில் தண்ணீரும் அதில் வளர்ந்த பாசி போன்ற கசடும் தேங்கியிருக்கும். அதை முழுதாகக் கழுவாமல் விட்டால் இன்ஜெக்டர்கள் அடைத்துக்கொள்ளும்.

மின்பகுதி இன்னும் பொறுமை கேட்கிறது. 08 வகுப்பு போன்றவற்றில் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்ற, அந்த மின்சாரம் சக்கரத்தை ஓட்டும் மோட்டாருக்குப் போகும். ஈரம் ஏறிய சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது எரிந்துவிடும். எனவே காப்பு எதிர்ப்பை மெகர் கருவியால் அளந்து, குறைவாக இருந்தால் நாட்கணக்கில் சூடுகாட்டி உலர்த்துவார்கள். பழைய ரப்பர் காப்புக் கம்பிகள் தொட்டாலே உதிரும். அவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு மாற்றுவதில் மாதங்கள் கழியும். அக்கால எஞ்சின்களில் வெப்பக் காப்புக்கு அஸ்பெஸ்டஸ் பயன்பட்டிருக்கலாம் என்பதால், அதைத் தொண்டர்கள் தாமாகப் பிய்க்கக் கூடாது. பிரேக் சிலிண்டர்களுக்கும் காற்றுத் தாங்கிகளுக்கும் அழுத்தச் சோதனை முடியும் வரை எஞ்சின் நகரக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளை அடைத்து வைத்து எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பலகையுடன் காற்று உள்வாயருகே நிற்பார். கவர்னர் சிக்கி எஞ்சின் கட்டுமீறி வேகமெடுத்தால், காற்றை அடைப்பதே அதை நிறுத்தும் வழி.

இனி இலங்கையைப் பார்ப்போம். இங்கே முதல் பெரிய டீசல் தொகுதி 1953 முதல் வந்த எம்1 வகுப்பு; இது ஷண்டிங் எஞ்சின் அல்ல, பிரதான பாதையில் ரயில் இழுப்பது. பிரஷ் பாக்னல் கட்டிய அந்த 25 எஞ்சின்களும் பிரிட்டனின் 31 வகுப்புக்கு முன்னோடி. பிள்ளையான 31 வகுப்பில் பலவற்றை அங்கே தொண்டர்கள் ஓட்டுகிறார்கள். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து எம்2 எஞ்சின்கள் வரத் தொடங்கின. அவற்றுள் 591ஆம் இலக்க மானிட்டோபா, 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலையில் சிக்கிய ரயிலை இழுத்தது. நொறுங்கிக் கிடந்த அதைத் திணைக்களத் தொழிலாளர்கள் சீர்செய்து மீண்டும் ஓட்டினார்கள். நினைவு நாளில் அது பெரலியவுக்குப் போய்வந்தது. இந்த நாட்டுத் தொழிலாளருக்குத் திறமை குறைவில்லை என்பதை அந்த ஒரு வேலையே காட்டும். கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம் பழைய எஞ்சின்களுக்கு ஓர் இடம் தந்தது.

 இலங்கையின் மலைநாட்டில் அப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலும் ரயில் வந்தது. ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கியதும் அரிசியும் உரமும் மலையேறியதும் இந்தப் பாதையில்தான். சரக்கு லொறிக்கு மாறிய பின் யார்டு வேலை சுருங்கிவிட்டது. தோட்டங்களின் உழைப்பு வரலாற்றைச் சொல்லும் எவரும் அந்தப் பெட்டிகளைக் கோத்து அனுப்பிய யார்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலங்கை யார்டுகளுக்கென 1969இல் வந்த ஒய் வகுப்பு ஷண்டிங் எஞ்சின்கள் 28. அவற்றைக் கட்டியதும் லீட்ஸின் ஹன்ஸ்லெட் நிறுவனமே. இவற்றில் ஜெனரேட்டருக்குப் பதில் எண்ணெய் வழி விசை கடத்தும் ஹைட்ராலிக் அமைப்பு உண்டு. எனவே மெகர் சோதனையைவிட முத்திரைகளையும் எண்ணெய்ச் சுத்தத்தையும் பார்ப்பதே முதல் வேலை. ஒன்றை மலைநாட்டில் ஓடவிடுவதாக இருந்தால் அது யார்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். மலைப் பாதையின் ஏற்றம் 44க்கு 1, வளைவின் ஆரம் சுமார் 100 மீட்டர். ஷண்டிங் எஞ்சின் அந்தச் சரிவுக்காகக் கட்டப்பட்டதல்ல.