மானியமும் நிலமும்: சன்ஃபிளவர் மாவட்டம் உணர்த்தும் பாடம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வண்டல் சமவெளியில் அமைந்த சன்ஃபிளவர், பருத்தியால் செழித்த மாவட்டம். பருத்தியை விளைவித்தோரில் பெரும்பாலோர் கருப்பின மக்கள். நிலமோ வெள்ளைப் பண்ணையார்களுடையது. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும், விளைச்சலில் பெரும்பங்கை அளந்துவிட்டுக் கடனில் உழலும் வாரமுறை நீடித்தது. அரசின் வேளாண் மானியம் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவில்லை; ஆழப்படுத்தியது.

காசோலை சென்ற இடம்

பருத்தி விலையின் வீழ்ச்சியைத் தடுக்க, 1933இல் ரூஸ்வெல்ட் அரசு வேளாண் சீரமைப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. சாகுபடிப் பரப்பைக் குறைப்போருக்குப் பணம் வழங்கப்பட்டது. ஒப்பந்தம் நிலவுடைமையாளருடன் மட்டுமே; வாரக்குடிகளுக்குரிய பங்கை அவரே பிரித்தளிக்க வேண்டும். பலர் அதைப் பழைய கடனில் கழித்துக்கொண்டனர். பரப்பு குறைந்ததால் ஆள்தேவையும் குறைந்தது; தென்மாநிலங்கள் எங்கும் வாரக்குடிகள் வெளியேற்றப்பட்டனர். இதை எதிர்த்து 1934இல் அர்கன்சா மாநிலத்தின் டைரோன்சாவில் கருப்பரும் வெள்ளையரும் இணைந்து தென்மாநிலக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். வாரக்குடிகளை வெளியேற்றக் கூடாது என விதிகளுக்குப் பொருள்கூறிய அரசுச் சட்ட அலுவலர்களோ 1935இல் பதவி இழந்தனர்.

முடிவெடுத்தவர்கள்

யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி ஒதுக்கீடு என்பதை முடிவுசெய்தவை, உழவர்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாவட்டக் குழுக்கள். தென்மாநிலங்களில் அவை வெள்ளைப் பண்ணையார்களின் பிடியில் இருந்தன. 1964இல் மிசிசிப்பியின் குடியுரிமை இயக்கத்தினர், வாக்குரிமைப் போராட்டத்தோடு இக்குழுத் தேர்தல்களிலும் கருப்பின வேட்பாளர்களை நிறுத்தினர். மிரட்டலே பதிலாகக் கிடைத்தது. வேளாண் திட்டங்களில் நிலவிய இனப்பாகுபாட்டை, அரசின் குடிமை உரிமைகள் ஆணையமே 1965இல் ஆவணப்படுத்தியது.

ஒரே மாவட்டம், இரு வாழ்வுகள்

செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்டின் பண்ணை சன்ஃபிளவரில்தான் இருந்தது. குடியுரிமைச் சட்டங்களைக் கடுமையாக எதிர்த்த அவருடைய பண்ணை, 1960களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கும் மேல் மானியம் பெற்றது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பயிருக்கு ஒருவர் பெறும் தொகைக்கு 55,000 டாலர் என வரம்பு விதித்தபோது, பெரும்பண்ணையார்கள் நிலத்தை உறவினர் பெயர்களில் பிரித்து அதைக் கடந்தனர்.

அதே மாவட்டத்தின் வாரக்குடியான ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றதற்காக 1962இல் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1969இல் 40 ஏக்கரில் அவர் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். மானியம் எட்டாத குடும்பங்களுக்கு அது நன்கொடைகளின் துணையோடு உணவு விளைவித்தது.

காலம் கடந்த நீதி

1920இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9.25 இலட்சம் கருப்பின உழவர்கள் இருந்தனர். 1997இல் அவ்வெண்ணிக்கை 20,000க்கும் கீழே சரிந்திருந்தது. அவ்வாண்டு தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்டு வழக்கில், கடனும் உதவியும் இனப்பாகுபாட்டால் மறுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டின் பேரில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. உழவர் பலருக்குக் கிடைத்தது தலா 50,000 டாலர். விடுபட்டோருக்காக 2010இல் மேலும் 125 கோடி டாலர் உடன்பாடு உருவானது. பறிபோன நிலம் மட்டும் மீளவில்லை.

இங்கும் அதே கேள்வி

இந்திய ஒன்றிய அரசின் பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் உடைய குடும்பங்களுக்கே வழங்குகிறது. பிறர் நிலத்தில் பயிரிடும் குத்தகையாளரும் கூலிகளும் அதற்கு வெளியே நிற்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதித் தொழிலாளர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வேளாண் கூலிகள். பட்டாவைத் தகுதியாக்கும் திட்டம், சாதியின் பெயரைச் சொல்லாமலேயே அவர்களை விலக்கிவிடுகிறது. ஆகவே குத்தகைப் பதிவு, கூலிகளுக்கான நேரடி உதவி, பயனாளிகளைத் தேர்வுசெய்யும் அமைப்புகளில் தலித் பிரதிநிதித்துவம், அனைத்திற்கும் அடிப்படையான நிலப்பகிர்வு ஆகியவற்றைத் தனித்தனிக் கோரிக்கைகளாக அல்லாமல் ஒன்றாகவே எழுப்ப வேண்டும்.